வெள்ளித் தட்டில் பந்தாட்டக்காரர்கள்

அமெரிக்காவில் படிக்கும் அண்ணன் தங்கைக்கு என்ன அனுப்புவான் என்பதில் காரைக்குடியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நைலக்ஸ் சேலை, கைக்கடிகாரம், வாசனைச் சோப்பு, மிஞ்சிப் போனால் ஒரு டிரான்சிஸ்டர். எங்கள் கேப்டனின் அண்ணன் சூயிங்கம் அனுப்பினார். ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்ட சின்னச் சின்ன மெழுகுத்தாள் பொட்டலங்கள். பிரித்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் சிராய் மாதிரி விறைத்துப்போன மிட்டாய். அதோடு சேர்த்துச் சில அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கூடைப்பந்தாட்டக்காரர், பனியனும் அரைக்கால்சட்டையுமாக, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே முறைத்துப் பார்த்தார்.

நாங்கள் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணி. எழுபதுகளின் தொடக்கம் அது. அணி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். செம்மண் தரை, இரண்டு கம்பம், தச்சு வேலை செய்யும் என் அப்பா அடித்துக் கொடுத்த இரண்டு பலகை. வளையத்தில் வலை கிடையாது. அதனால் பந்து உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்று தினமும் ஒரு சண்டை. பந்தும் ஒன்றே ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடுவோம். ஆடி முடித்ததும் தாவணியைச் சுற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல வீட்டுக்குப் போவோம்.

அணியில் என் வேலை பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. கூடையில் போடுவது கேப்டன் வேலை. செட்டியார் வீட்டுப் பெண், எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். கையைத் தூக்கிக்கொண்டு அவள் நின்றால் போதும், எங்கிருந்து எறிந்தாலும் பந்து அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும். மைதானத்தில் கொண்டாடிய அந்த உயரம் அவள் வீட்டில் தீராத வம்பு. பெண் பார்க்க யார் வந்தாலும் அவள் அம்மா அவளை உட்கார்த்தியே வைத்திருந்து, காபி கொடுப்பதைக்கூட வேறு ஆளை வைத்து முடித்துவிடுவார்.

அப்படி உட்கார்ந்தே ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கோட்டையூர் மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் படிப்பை முடிக்கலாம் என்று பேசியிருந்தார்கள். பந்து விளையாடும் பெண் என்பதை மட்டும் பேசவில்லை. கல்யாணம் முடிந்து சில வாரங்களில் திருச்சியில் எங்களுக்குப் போட்டி இருந்தது. அதில் அவள் ஆடுவாளா என்பது எங்கள் கவலை. அவள் கவலை அதைவிடப் பெரியது. கழுத்தில் தாலி ஏறிய பிறகு இனி ஒரு நாளாவது பந்தைத் தொட விடுவார்களா என்று தெரியாமல் அவள் இளைத்தே போனாள். எனக்கும் மனசு தாங்கவில்லை. பந்து கொடுக்கிறவளுக்கு வாங்குகிறவள் இல்லாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஒருநாள் அவளோடு நானும் போய், மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்கித் தரும்படி அவள் அம்மாவிடம் கேட்டேன். ஆச்சிக்கு என்மேல் பிரியம் உண்டு. வாய் அதிகம் என்று வருத்தமும் உண்டு. பலகாரம் கொடுத்து உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்:

"பாக்கலாம் ஆத்தா. எல்லாத்தையும் இப்பவே சொல்லி அவுகளை மெரட்டவா முடியும்?"

அந்தப் பாக்கலாமுக்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். 

இந்தச் சமயத்தில்தான் அட்டைகள் வந்தன. முதலில் மிட்டாயை முடித்தோம். கடல் தாண்டி வந்ததில் பாதி மாவாக உதிர்ந்துவிட்டது. மீதியை மென்றால் கொஞ்ச நேரத்தில் ரப்பர். ஆனாலும் அமெரிக்க ரப்பர் என்பதால் யாரும் துப்பவில்லை. அப்புறம் அட்டைகளைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஆட்டக்காரர்கள் யார், எந்த ஊர், நன்றாக ஆடுவார்களா மாட்டார்களா என்பது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தில் விட்டுக் கொடுக்காமல் வாதாட எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? எந்த அட்டை உசத்தி, எது ஊரையே எழுதிக் கொடுத்தாலும் கிடைக்காதது என்று அன்று மாலை தொடங்கிய பேச்சு வாரக்கணக்கில் ஓடியது.

கல்லலில் இருந்து ரயிலில் வருகிற ஒருத்தி எங்கள் அணியில் இருந்தாள். வயலும் மாடுமாக உள்ள வீடு. அவள் ஆளின் முகத்தையே பார்க்கவில்லை. கெண்டைக்காலைப் பார்த்தாள். கால் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் ஆள் எவ்வளவு ஓடுவான் என்று தெரிந்துபோகும், மற்றதெல்லாம் பவுடர் பூச்சு என்றாள். திருப்பத்தூர்ச் சந்தையில் அவள் அப்பா காளை பிடிப்பதும் இதே முறையில்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் நான் என் கெண்டைக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். திருப்தியாக இல்லை.

பத்தர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவுக்கு நகை வேலை. படத்தில் யார் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள், ஓரத்தை நகத்தால் நெருடுவாள், நான்கு முனையும் மழுங்காமல் இருக்கிற அட்டைதான் உசத்தி என்று ஒரே போடாகப் போடுவாள். முறுக்குத் தின்ற கையோடு நாங்கள் அட்டையைத் தொட்டால் அவளுக்கு உயிர் போய்விடும்.

எனக்கு வந்தது ஒரு குட்டை மனிதர். மற்ற எல்லாரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்க, இவர் மட்டும் பக்கவாட்டில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். பந்து கையை விட்டுக் கிளம்பப் போகிறது. யாருக்குக் கொடுக்கப் போகிறாரோ அந்த ஆள் அட்டையில் இல்லை. பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இதுதான் எல்லாவற்றிலும் விலை மதிப்பற்றது, மற்றவர்கள் போட்டோ பிடிக்க வந்தவர்கள், இவர் ஒருவர்தான் ஆட வந்தவர் என்றேன். ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. வாதத்தில் தோற்று எனக்குப் பழக்கமில்லை. இந்த வயதிலும் அந்தப் பழக்கம் வரவில்லை. ஆகவே தினமும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கேப்டன் கேட்டது ஒரே ஓர் அட்டையைத்தான். அதில் இருந்தவர் பனைமரம். அட்டைக்குள் அடங்காமல் தலைமயிர் மேல்விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கத்தில் அச்சடித்திருந்த உயரத்தைப் பார்த்து வாய் பிளந்தோம். ஆனால் அது சீட்டில் கல்லல்காரிக்குப் போயிருந்தது. அந்த ஆளுக்குக் கெண்டைக்காலும் பிரமாதமாக அமைந்துவிட்டதால் அவள் விடுவதாக இல்லை. கேப்டன் தன் அட்டையைத் தருவதாகச் சொன்னாள், அதோடு ஒரு ரிப்பனும் தருவதாகச் சொன்னாள். கல்லல்காரி மசியவில்லை. அடுத்த நாள் மைதானத்தில் கல்லல்காரி கேப்டனுக்குப் பந்து கொடுக்கவில்லை. கேப்டன் கல்லல்காரிக்குக் கொடுக்கவில்லை. பத்தர் பெண் முறுக்குக் கைக்காரிகள் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் எல்லாருக்கும் கொடுத்தேன், ஆனால் வாயையும் சேர்த்துக் கொடுத்தேன். விளையாட்டு டீச்சர் விசிலை ஊதி நிறுத்தி, அட்டை வேண்டுமா அணி வேண்டுமா என்று கேட்டார்.

கேப்டன் எல்லோரிடமிருந்தும் அட்டைகளை வாங்கிவிட்டாள்.

"போட்டி முடியட்டும். ஜெயிச்சா அவங்கவங்க கேட்டதை எடுத்துக்கங்க. அதுவரைக்கும் என் பெட்டியில இருக்கட்டும்."

அந்தப் போட்டியில் அவள் இருப்பாளா என்பதே தெரியாது. ஆனாலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்லல்காரிகூட மறுபேச்சில்லாமல் பனைமரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அட்டைகள் கேப்டனின் தகரப் பெட்டிக்குள் போயின.

கல்யாண நாளும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்தவர்கள். செட்டியார் கல்யாணத்துக்குக் கோயிலில் இருந்து வர வேண்டிய மாலை வந்தாகிவிட்டது என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் குளித்து உடுத்திப் பெண் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு அங்கே வேலை இருந்தது. சாமான் பரப்புகிற வேலை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான் ஒவ்வொன்றையும் வீட்டின் நடுக்கூடமான வளவில் கம்பளம் விரித்துப் பரப்பி வைப்பார்கள். வெள்ளிக் குடம் முதல் விளக்குமாறு வரை ஒன்றும் விடுபடக் கூடாது. பித்தளை, எவர்சில்வர், இனாமல் தூக்கு, பர்மாவின் அரக்குப் பெட்டி, சீமைக் கண்ணாடி, ஓலையில் முடைந்த கொட்டான், தடுக்கு என்று வரிசை வரிசையாக இருக்கும். எது வைத்தாலும் முழு அடுக்காக, முழு செட்டாகத்தான் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் சும்மா பார்த்துவிட்டுப் போவது இல்லை. எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள், எந்த ஊர்ச் சரக்கு என்று பந்தயம் கட்டாத குறையாக வாதாடுவார்கள். பரப்பியதில் இருந்து பெண்வீட்டார் எதையும் திரும்ப எடுக்கக் கூடாது. பரப்பிய அத்தனையும் பெண்ணோடு போய்ச் சேரும்.

நாங்கள் கொட்டான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கல்லல்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். வெள்ளிச் சாமான்களுக்கு நட்டநடுவே ஒரு வெள்ளித் தட்டு. தட்டில் எங்கள் பந்தாட்டக்காரர்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பனைமரத்துக்கு நெற்றி எட்டாத மாதிரி இருந்ததால் மூக்கில் வைத்திருந்தது. பத்தர் வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரமாகப் போய் நின்றுவிட்டாள்.

கேப்டனின் அம்மா வைத்த பொட்டுத்தான் அது. போய்க் கேட்டேன். அண்ணன்காரனால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, பரீட்சையாம். தங்கை பெட்டியை ஒதுங்க வைக்கும்போது அவன் அனுப்பிய படங்கள் கண்ணில் பட்டன. யார் படம், என்ன படம் என்று ஆச்சி பார்க்கவே இல்லை.

"அவந்தான் வரலை. அவன் அனுப்புனது ஒண்ணாவது சபையில இருக்கட்டுமே ஆத்தா."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் அது எங்கள் அட்டை என்று யார் வாயைத் திறப்பது?

நான்கைந்து வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இருக்கிற என் அக்கா பேரனிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தக் காலத்துக் கூடைப்பந்து அட்டை என்றதும் பயல் துள்ளிவிட்டான். அதைச் சேர்ப்பதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம். எது முதல், எது இரண்டாவது என்று ராத்திரி பகலாக வாதாடுகிறார்களாம். நல்ல அட்டை ஒன்றின் விலையில் காரைக்குடியில் வீடு வாங்கலாமாம். முதலில் பார்ப்பது நான்கு முனையைத்தானாம், அதுவும் பூதக்கண்ணாடி வைத்து. பத்தர் வீட்டுப் பெண்ணை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. உங்க அட்டை எந்த நிலைமையில இருந்துச்சு என்று கேட்டான். சந்தனம், குங்குமம் என்றேன். ஐயோ என்று பயல் போட்ட சத்தத்தில் தொலைபேசியைக் காதில் இருந்து விலக்கிப் பிடித்தேன்.

அன்றைக்குச் சாமான் பரப்பி முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. அவரைக் கோட்டையூர் ஆச்சி என்று சொல்கிறேன். குள்ளமான, வேகமான மனுஷி. வரிசையில் எதையும் தாண்டிப் போக மாட்டார். தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார். ஜாடியைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா. பினாங்கில் வெகுகாலம் இருந்தவர். சீமைச் சாமான் விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர்தான் தட்டைப் பார்த்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தார். சிகரெட் டப்பாவில் வருகிற படம், பினாங்கில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். கூட வந்த ஒருவர் இல்லை, இது மருந்துக் கம்பெனி விளம்பரம், இந்த மருந்தைக் குடித்தால் இப்படி வளரலாம் என்று காட்டுகிறான் என்றார். இன்னொருவர் சர்க்கஸ்காரர்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள்ளும் அதே பேச்சு வந்துவிட்டது. இதில் எது உசத்தி? ஒருவர் வண்ணம் அதிகமாக உள்ளதைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் மீசை உள்ளவரைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் தூணோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு தப்பாக வாதாடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது சாமானியமான காரியம் இல்லை.

பெரியப்பச்சி அட்டைகளைத் திருப்பினார். பின்பக்கத்தில் எண் போட்டிருந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தார். எண்கள் தாண்டித் தாண்டிப் போயின. அவர் முகம் மாறியது.

"ஒண்ணொண்ணா மதிச்சு என்ன ஆகப் போகுது? முழு செட்டா இருந்தாத்தான் மதிப்பு. இது கொறையா இருக்கே."

 சாமான் பரப்பில் குறைச் செட்டு வைத்தார்கள் என்ற பேச்சு ஒரு வீட்டைப் பற்றி வந்தால் எத்தனை வருடம் நிற்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கேப்டனின் அம்மா கம்பளத்தைப் பார்த்தபடி நின்றார். இல்லாத மகனுக்காக ஆசையாக வைத்த தட்டு அது. எனக்குப் பொறுக்கவில்லை. யோசிக்காமல் முன்னால் போய்விட்டேன்.

இது செட்டே இல்லை, ஒவ்வொருவரும் தனித்தனி ஆள், எல்லோரும் கூடைப்பந்து ஆடுகிறவர்கள், குறை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உசத்தி எது என்று கேட்டால் இந்தக் குட்டை ஆள்தான் என்று ஆரம்பித்துவிட்டேன். கல்லல்காரி சும்மா இருப்பாளா? பனைமரத்தைக் கையில் எடுத்துக் காட்டி, காலைப் பாருங்கய்யா என்று பெரியப்பச்சியிடமே நியாயம் கேட்டாள். பத்தர் வீட்டுப் பெண் தூணை விட்டு வந்து, குங்குமம் வைப்பதற்கு முன்னால் அந்த மூன்றாவது அட்டை எப்படி இருந்தது தெரியுமா என்றாள். கல்யாண வீடு என்பதை மறந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

கோட்டையூர் ஆச்சி என்னைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நாங்க ஆடுற ஆட்டம் ஆச்சி இது."

"நாங்கன்னா யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேப்டனின் அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை அது, கெஞ்சல். நானும் இவர்களும்தான் என்று கையைக் காட்டினால் முடிந்தது. சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்வதில் எனக்கு அப்படி ஒன்றும் கூச்சம் கிடையாது. ஆனால் எங்கள் அணியில் அவள் இல்லை என்கிற பொய்யை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

"நானுந்தான்."

குரல் அறைவாசலில் இருந்து வந்தது. பாதி பின்னிய சடையோடு கேப்டன் நின்றுகொண்டிருந்தாள். அந்த அறைகளின் வாசல் நிலை எல்லாமே தாழ்வு. அவள் குனிந்து வெளியே வந்து நிமிர்ந்தாள். கோட்டையூர் ஆச்சி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவளை நின்ற நிலையில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எத்தனை நாளாக ஆடுகிறாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்து என்றாள். நன்றாக ஆடுவாயா என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். இதில் உன்னுடையது எது என்றார். கேப்டன் கல்லல்காரியைப் பார்த்தாள். கல்லல்காரி கையில் பிடித்திருந்த பனைமரத்தை அவளிடம் நீட்டினாள். அத்தனை நாள் ரிப்பனுக்கும் மசியாதவள்.

கோட்டையூர் ஆச்சி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். மூக்கில் இருந்த பொட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது போல, அடக்கிக்கொண்டார். பிறகு சம்பந்தியிடம் திரும்பினார். குரலில் கண்டிப்பு இருந்தது.

"வெளக்கமாறு வரைக்கும் வச்சிருக்கீக, இதை மட்டும் ஏன் ஆச்சி மறைச்சீக? எனக்குத் தெரியாம ஒரு சாமானும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. பந்து எங்க இருக்கு? கொண்டாந்து வைங்க."

பந்து அந்த வாரம் என் வீட்டில் இருந்தது. பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தெருவில் மேளக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எனக்கு மூச்சு இரைத்தது. பந்தில் அப்பியிருந்த செம்மண்ணை யாரோ துடைக்கப் போனார்கள். வேண்டாம், இருக்கிறபடியே வைக்கலாம் என்று கோட்டையூர் ஆச்சி சொல்லிவிட்டார். கம்பளத்தில் வைத்தால் உருண்டு போய் வெள்ளிக் குடத்தில் முட்டியது. பானை வைக்கிற பிரிமணை ஒன்றைக் கொட்டான் வரிசையில் இருந்து எடுத்து அதன்மேல் பந்தை உட்கார்த்தினோம். கேப்டனின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.  பந்துக்கு அவர் வைத்த பொட்டு மற்ற எல்லாவற்றையும்விட நேராக விழுந்தது.

பெரியப்பச்சிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அட்டைகளைத் தட்டில் திரும்ப அடுக்கிவிட்டுப் பந்தைப் பார்த்தார்.

"இப்பத்தான் செட்டு முழுசாச்சு."

கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டோம். கேப்டன் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இத்தனை வருடங்கள் கழித்தும் என்னால் அப்படியே நினைத்துப் பார்க்க முடிகிறது. சாமான்கள் வண்டியில் ஏறிக் கோட்டையூருக்குப் போயின. அட்டைகள் போயின. பந்தும் போயிற்று.

அதற்கு அடுத்த நாள்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. அணிக்கு இருந்தது அந்த ஒரே பந்து. கல்லூரிப் பந்து. அதைக் கல்யாணச் சாமானாக அனுப்பி வைத்துவிட்டு நாங்கள் மைதானத்தில் கையை வீசிக்கொண்டு நின்றோம். டீச்சரிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை, அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். பந்து இல்லாமல் ஓடினோம், குதித்தோம், இல்லாத பந்தை ஒருத்திக்கு ஒருத்தி எறிந்தோம்.

நான் நம்பிக்கையோடுதான் இருந்தேன். பந்தை வை என்று சொன்னவர் ஆட விடாமலா இருப்பார்? கல்லல்காரிதான் அதில் மண்ணைப் போட்டாள்.

"பரப்புல வச்ச சாமானை எந்த வீட்டுலடி எடுத்துப் புழங்கியிருக்காக? அறையில போட்டுப் பூட்டிருவாக. அவ பேரன் பேத்தி காலத்துலகூட வெளிய வராது."

அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் எத்தனை வீட்டு அறைகளில் வெள்ளியும் பீங்கானும் ஒரு தடவைகூடப் புழங்காமல் பூட்டிக் கிடக்கின்றன. என் அப்பாவே எத்தனை அறைக்கதவுக்குப் பூட்டு மாட்டிக் கொடுத்திருக்கிறார். ஒருவேளை அந்த ஆச்சி சொன்னதன் பொருளே அதுதானோ? பெண்ணின் ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்து வாங்கி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாரோ?  மறுவீடு, விருந்து என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கோட்டையூரில் இருந்து ஒரு தகவலும் இல்லை. திருச்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. கேப்டன் பெயரைப் போடலாமா என்று டீச்சர் கேட்டார். திங்கட்கிழமை வரை பொறுங்கள் டீச்சர் என்று நான்தான் கெஞ்சினேன். 

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல இல்லாத பந்தை எறிந்துகொண்டிருந்தோம். ரோட்டில் கோட்டையூர் பஸ் வந்து நின்றது. தினமும் அது நிற்கும்போது நாங்கள் திரும்பிப் பார்ப்போம், பார்க்காத மாதிரியும் இருந்துகொள்வோம். அன்றைக்கு இறங்கிய கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. தலை நிறையப் பூ. பட்டுச்சேலை. தோளில் வயர் கூடை. கூடையை முட்டிக்கொண்டு எங்கள் பந்து, பொட்டோடு.

நாங்கள் யாரும் ஓடவில்லை.  அவள்தான் வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பந்தை எடுத்து என்மேல் எறிந்தாள். வளையல் அத்தனையும் குலுங்கியது. பந்தைப் பிடித்த கையோடு நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்லல்காரியும் மூக்கை உறிஞ்சினாள், கேட்டால் தூசி என்றாள்.

உள்ளே போய் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து, தாலிச் சரட்டைச் சட்டைக்கு உள்ளே விட்டு ஊக்குக் குத்திக்கொண்டாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்டேன். அவள் எதுவுமே கேட்கவில்லையாம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் மாமியாரே அறையைத் திறந்து, பந்தை எடுத்துக் கூடையில் போட்டு, அவள் கையில் கொடுத்தாராம்.

"ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துரணும்னாக அயித்தை. பந்தை மறந்துராம எடுத்துட்டு வரச் சொன்னாக, சாமான் கொறையக் கூடாதாம்."

அன்றைக்கு ஏழு மணி பஸ் வருகிற வரை ஆடினோம்.